கை தப்பிய கியர்

“கதவை விடுங்க சார்!”

“நீங்க விடுங்க மேடம். நான்தான் முதல்ல பிடிச்சேன்.”

“பிடிச்சா ஆச்சா? காலையிலேயே போன் பண்ணிச் சொல்லி வச்சது நான்!”

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கிடங்கு அது. தகரக் கூரையில் மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்... ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த கார் என்று சொல்வதுதான் சரி. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு. அந்த மாடலைச் செய்வதை நிறுத்தி எத்தனையோ காலமாகிவிட்டது. அதன் கதவில் அவள் கை. அதே கதவில் அவன் கை.

கிடங்குக்காரர் குடையை உதறிக்கொண்டு வந்தார். “நாளைக்கு இதை நசுக்கப் போறேன். ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டு கிளம்புங்க. இல்லேன்னா உங்களையும் சேர்த்து வச்சு நசுக்கிடுவேன்.”

அவன் சிரித்துவிட்டான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. தூக்கம் கலையாத குழந்தைக்கு இருக்கிற மாதிரி கண்கள்... ‘மூஞ்சியைப் பாரு, சண்டைக்கு நடுவுல சிரிப்பு’ என்று மனசுக்குள் திட்டினாள் அவள். திட்டிக்கொண்டே இன்னொரு தடவை பார்த்தாள்.

“சரிங்க... உங்களுக்கு இதுல என்னதான் வேணும்?” என்றான்.

“அடித்தகடு. என் வண்டிக்குத் தரை துருப்பிடிச்சுப் போச்சு. உங்களுக்கு?”

“எஞ்சின்.”

“அட...! இதுக்கா இவ்வளவு நேரம் கத்தினோம்?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். அவன் முன்பக்கம் போனான். அவள் மழைநீர் ஓடுகிற தரையென்றும் பார்க்காமல் மண்டியிட்டு, காருக்கு அடியில் ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்தினாள். பிஸ்கெட்டில் இறங்குவது போல இறங்கியது. இன்னோர் இடம்... அங்கேயும் அப்படித்தான். முன்னால் அவன் நீளமான ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைச் சுற்றப் பார்த்தான். தண்ணீர் புகுந்து இறுகிப்போயிருந்தது. அசையவில்லை.

செத்துப்போன வண்டிக்காகவா இவ்வளவு சண்டை...

அவள் எழுந்திருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கன்னத்தில் வழிந்தது மழை இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

“என்கிட்ட இதே மாடல் பாடி இருக்குங்க,” என்றான் மெதுவாக. “துளி துரு கிடையாது. ரேஸ் டிராக்ல ஓட்டுறதுக்காக உள்ள இருந்ததை எல்லாம் எடுத்துட்டு, உருண்டாலும் தலை நசுங்காத மாதிரி இரும்புக் குழாய்ல கூண்டு கூட வெல்டிங் பண்ணிட்டேன். எஞ்சின்தான் வெடிச்சுப் போச்சு. உங்க எஞ்சின் நல்லா இருக்கா?”

“இருக்கு. எங்கண்ணன் கட்டின எஞ்சின்.”

“அப்போ... ரெண்டையும் சேர்த்து...”

“என்ன, உறுப்பு தானமா?” அவள் விருட்டென்று எழுந்தாள். “அண்ணன் இன்னும் உயிரோடதான் இருக்கான். அதுக்குள்ள அவன் வண்டியைக் கூறு போடப் பார்க்கறீங்க!”

குடையைக்கூட எடுக்காமல் மழைக்குள் போய்விட்டாள்.

அவள் வேலை பல் செட் செய்யும் லேபில். அச்சில் வார்த்து, ராவி, ஈறு நிறத்துக்குச் சாயம் சேர்ப்பாள். தினமும் யார் யாருடைய சிரிப்பையோ செய்து கொடுத்துவிட்டு, அவள் திரும்பி வருகிற வீட்டில் சிரிப்பு நின்று நெடுநாள் ஆகியிருந்தது. அப்பா அம்மா இல்லை. அண்ணனும் தங்கையும்தான். அண்ணனுக்கு நரம்பில் வந்த நோய். முதலில் விரல்கள் நடுங்கின. பிறகு கைகள், கால்கள்... இப்போது மாடி அறையில் சக்கர நாற்காலி. இனி மூச்சுக்கும் சிரமம் வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கை ஓடிய கடைசி நாட்களில் அண்ணன் செய்த வேலைதான் கீழே கார் ஷெட்டில் நின்றது. இரண்டு கார்புரேட்டர், இழைத்து எடை குறைத்த பாகங்கள், தானே ராவிய வால்வுகள். “ஒரே ஒரு தடவை இது டிராக்ல ஓடுற சத்தத்தைக் கேட்டுட்டா போதும்மா” என்பான். மாடி இறங்கி அவனால் பார்க்க முடியாது. அதனால் வண்டியின் தரை துருவேறிப்போனதை அவள் சொல்லவே இல்லை.

“தேடிப் போன சாமான் கிடைச்சுதாம்மா?”

“ம்... சொல்லியிருக்கேன். வந்துடும் அண்ணா.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் அந்தத் தூக்கக் கண்கள் நின்றன. கையில் அவளுடைய குடை.

“கிடங்குக்காரர்தான் வீட்டைச் சொன்னார். குடையைக் கொடுத்துட்டு, மன்னிப்பும் கேட்டுட்டுப் போகலாம்னு...”

“கேட்டாச்சு இல்ல? கிளம்புங்க.”

“யாரும்மா அது?” மாடியிலிருந்து அண்ணனின் குரல் இழுத்து இழுத்து வந்தது. “கிடங்குன்னு காதுல விழுந்துச்சே, நம்ம மாடல் வண்டிக்காரரா? மேல வரச் சொல்லு.”

அவளால் தடுக்க முடியவில்லை. அவன் ஏறிப் போய் அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்தான். லிஃப்ட் பழுதுபார்ப்பது தொழில், மீதி நேரமெல்லாம் இதே மாடல் கார்தான், அதில் எஞ்சின்தான் போய்விட்டது என்றான். அண்ணன் ஒவ்வொன்றாகக் கேட்டான். பாடி கோணலில்லாமல் இருக்கிறதா, கூண்டுக்கு எந்தக் கனத்தில் குழாய் போட்டாய், பிரேக் எப்படி... எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கியர் பாக்ஸோட சேர்த்து எஞ்சினை எடுத்துக்கப்பா” என்றான்.

“அண்ணா! நம்ம வண்டி நல்லாத்தானே...”

“பொய் சொல்லாதம்மா. நான் கீழ இறங்கிட்டு இருந்தப்பவே அந்தத் தரை போயிடுச்சு. நீ வருத்தப்படுவேன்னு நான்தான் சொல்லலை.”

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வாரம் தவறாமல் அவன் வந்தான். லிஃப்ட் வேலைக்கு வைத்திருந்த சங்கிலிக் கப்பியை ஷெட்டின் உத்தரத்தில் மாட்டி எஞ்சினைத் தூக்கினார்கள். தன் காரைக் கொண்டுவந்து அதே ஷெட்டில் நிறுத்தினான். உள்ளே விரிப்பில்லை, பஞ்சில்லை. வெறும் தகடும், வெள்ளைக் குழாய்க் கூண்டும், ஒரே ஒரு இருக்கையும். எஞ்சினை அதில் இறக்கிப் பொருத்தினார்கள். ஸ்பிரிங் மாற்றினார்கள். எண்ணெய் சூடாகாமலிருக்க மூக்கில் ஒரு ரேடியேட்டர் பொருத்தினார்கள். நுணுக்கமான இடமெல்லாம் அவள் விரல்கள்தான் போயின.

“பல்லுக்காரம்மா, இந்த போல்ட்டைக் கொஞ்சம் பிடிங்களேன்.”

“பிடிக்கிறேன். முதல்ல நீங்க பல்லைக் காட்டாம வேலையைப் பாருங்க.”

“காட்டினா என்னவாம்?”

“அளவெடுத்து வச்சுடுவேன். பின்னாடி தேவைப்படும்.”

மாடியிலிருந்து அண்ணன் சிரிக்கிற சத்தம்... அது சிரிப்பா மூச்சுத் திணறலா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருவரும் ஒரு கணம் அசையாமல் நிற்பார்கள். அப்போது அவன் கண்கள் அவள் முகத்தில் இருக்கும். அவள் சட்டென்று குனிந்துகொள்வாள். ‘இவனைப் பார்க்கிறதுக்கு இதுவா நேரம்? மேல ஒரு உயிர் கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டிருக்கு...’

அண்ணன் அவனுக்கு ஒன்றை மட்டும் படித்துப் படித்துச் சொன்னான். “மூணுலேர்ந்து நாலுக்குப் போடும்போது லிவரை இறுக்கிப் பிடிக்காத. உள்ளங்கையால நேரா கீழே இழு. தப்பி ரெண்டுல விழுந்துதுன்னா எஞ்சின் தாங்காது. வால்வு பிஸ்டன்ல போய் மோதிடும்.”

“சரிங்கண்ணே.”

பழைய கார்களுக்கென்று டிராக்கைத் திறந்துவிடுகிற நாள் வந்தது. வானம் மூடியிருந்தது. ஆனால் தரை காய்ந்திருந்தது. இருவருமாக மாடியிலிருந்து தூக்கி இறக்கிக் கூட்டிவந்த அண்ணனை, போர்வை சுற்றி, நாற்காலியோடு தடுப்புச் சுவரோரம் நிறுத்தி, அவள் பக்கத்தில் நின்றாள்.

கார் தூரத்து வளைவில் திரும்பியது. முதலில் சத்தம்தான் வந்தது. ஒரு கிழிசல் போல, ஒரு கூவல் போல... அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அசையாத கைகளோடு, உதட்டை மட்டும் அசைத்துச் சத்தத்தின் கூடவே போனான்.

“ரெண்டு... மூணு... நாலு...”

கார் அவர்களைத் தாண்டிப் பறந்தது. அண்ணன் முகத்தில் நோய் வருவதற்கு முன்னாலிருந்த ஆள் வந்துவிட்டான். அவளுக்கு அழுகை முட்டியது. இதைக் கொடுத்தவன் அதோ அந்த ஹெல்மெட்டுக்குள் இருக்கிறான்... அவளுக்கு அந்த நிமிஷம் எல்லாமே நிறைந்து வழிந்தது. நெடுநாளைக்குப் பிறகு அவள் சந்தோஷமாக இருந்தாள். அவன் தன்னைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

மறுபடி கார் வந்தது. “ரெண்டு... மூணு...” என்றான் அண்ணன்.

அவள் கையைத் தூக்கி ஆட்டினாள்.

ஹெல்மெட் அவள் பக்கம் திரும்பியது.

“நாலு” என்று அண்ணன் சொன்ன நேரத்தில் அந்தச் சத்தம் வரவில்லை. ஒரு அலறல் வந்தது. உலோகம் அலறுகிற அலறல். பிறகு பொலபொலவென்று உள்ளே எல்லாம் உதிர்கிற ஓசை, வெள்ளைப் புகை, நிசப்தம்.

அண்ணன் கண்ணைத் திறக்க ரொம்ப நேரமாயிற்று.

அன்று சாயங்காலம் அண்ணன் எதிரில் அவன் தலை குனிந்து நின்றான். “கியர் தப்பிடுச்சுண்ணே” என்றான்.

“உன்மேல தப்பில்லப்பா.” அண்ணன் மூச்சு வாங்க வாங்கப் பேசினான். “லிவர் ஆடாம பிடிச்சுக்க அடியில வளையம் மாதிரி ஒரு புஷ் இருக்கு. நான் கடைசியாப் போட்டது அதுதான். அப்பவே கை நடுங்கிட்டிருந்துச்சு. சரியா உட்காரலை போல... ஆடியிருக்கும். அதான் தப்பிடுச்சு. என் வேலைதான் கெட்டுது.”

அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். வாசற்படியில் நின்றிருந்த அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் அந்தப் புஷ்ஷைப் பற்றியே பேசினான். சாப்பாடு ஊட்டும்போதும், முகம் துடைக்கும்போதும். “யாரையாவது விட்டு சரிபார்க்கச் சொல்லியிருக்கணும்மா... வீம்பு. எனக்கே தெரியும்னு வீம்பு.” அப்புறம் பேசவும் மூச்சு போதவில்லை. மழை பெய்த ஒரு மத்தியானம், அவள் கையைப் பிடித்துக்கொண்டே போய்விட்டான்.

எல்லாம் முடிந்த அன்று லிஃப்ட்காரன் கேட் அருகில் நனைந்தபடி நின்றுவிட்டுப் போனான். உள்ளே வரவில்லை. பிறகு வரவே இல்லை. காரையும் முன்பே தன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டிருந்தான்.

வீட்டில் மாடிப்படி மட்டும் இருந்தது. ஏறிப்போய்ப் பார்க்க யாருமில்லாத மாடி. லேபில் வாய் வாயாகப் பற்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கை நின்றுவிடும். கடைசியில் ஒருநாள் வேலைக்கு நடுவிலேயே எழுந்து, விசாரித்துக்கொண்டு அவனுடைய ஷெட்டுக்குப் போனாள்.

பிரித்த எஞ்சின் மேஜைமேல் கிடந்தது. வளைந்த வால்வுகள், ஓட்டை விழுந்த பிஸ்டன். பக்கத்தில் கட்டி வைத்த பெட்டிகள்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். இளைத்திருந்தான். “வேற ஊருக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டேன். எஞ்சினை உங்க வீட்டுல சேர்த்துட்டுப் போகலாம்னு இருந்தேன்.”

“அந்தப் புஷ்ஷைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். துளி ஆட்டமில்லை. அவர் சரியாத்தான் போட்டிருக்கார்.”

“அப்புறம் எப்படிங்க கியர் தப்புச்சு? அவ்வளவு தடவை சொன்னானே...”

“உங்களைப் பார்த்தேன்.”

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது.

“ஒவ்வொரு சுத்துலயும் பார்த்துட்டுதான் இருந்தேன். அந்தச் சுத்துல நீங்களும் பார்த்தீங்க... கை காட்டினீங்க. சிரிச்சீங்க. நீங்க சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன். வண்டியில இருக்கேங்கறதே மறந்துபோச்சு. கை அது பாட்டுக்கு லிவரை இழுத்துடுச்சு.” ஓட்டை விழுந்த பிஸ்டனைத் தள்ளி வைத்தான். “அவர் புஷ் புஷ்னு புலம்பறப்ப சொல்லியிருக்கணும். உங்க தங்கச்சியைப் பார்த்ததுலதான் உங்க எஞ்சினைக் கொன்னேன்னு எந்த வாயால சொல்றது? சொல்லாமலே அவரை அனுப்பிட்டேன்.”

அவள் திட்டத்தான் வந்திருந்தாள். திட்டினால் கொஞ்சம் மூச்சு வரும் என்று நினைத்திருந்தாள்.

“நீங்க பார்க்கணும்னுதாங்க கை காட்டினேன்,” என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்... என்னாலதான்னு. அண்ணன் தன் வேலை கெட்டுப்போச்சுன்னு சொல்றப்பல்லாம் பக்கத்துல உட்கார்ந்து சோறு ஊட்டிட்டிருந்தேன். ‘புஷ் இல்லண்ணா, நான்தான்’... ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தா நிம்மதியாப் போயிருப்பான். வெட்கமா இருந்துச்சுங்க. சாகக் கிடக்கறவன்கிட்டப் போய், எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு, அவருக்குத்தான் கை காட்டினேன்னு சொல்ல... வெட்கப்பட்டேன்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எதிரில் வந்து அவனும் தரையில் உட்கார்ந்தான். கிரீஸ் படிந்த கையை அவள் பக்கம் நீட்டி, தொடாமல் பாதியில் நிறுத்தினான்.

“எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். சொல்றதுக்கே வாய் கூசுது. இது இல்லாம இருந்திருந்தா அவர் சந்தோஷமாப் போயிருப்பார்.”

“ம்.”

“உங்களைப் பார்க்கறப்பல்லாம் அவர் ஞாபகம் வரும். என்னைப் பார்த்தா உங்களுக்கும் வரும். அதனாலதான் போயிடலாம்னு...”

“வரட்டும்.” அவள் பாதியில் நின்ற அந்தக் கையை இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். “அவன் ஞாபகம் வர எனக்கு வேற யார் இருக்கா? போகாதீங்க.”