பசுபதி பிடித்த கடைசிப் படம்

நேற்றுச் சாயந்திரம் சந்திரிகா தன் கையாலேயே தொடக்கத்துக்குச் சுற்றி வைத்துவிட்டுப் போன கேசட், இன்று பாதியில் நின்றிருந்தது. கடைச் சாவி அவளிடம் மட்டும்தான் இருக்கிறது.

அவள் கணவர் பசுபதி, மலேசியாவின் லூனாஸில் இந்த வீடியோ கடையை நடத்தி, அதிலேயே ஓய்ந்து, போன வருஷம் போய்ச் சேர்ந்தவர். படக் கேசட் வாடகைக்கு விட்டதோடு, சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களின் கல்யாணம், திருவிழா எல்லாவற்றையும் அவர்தான் படம் பிடித்தார். ஊரார் முகமெல்லாம் இந்த அலமாரிகளில் இருந்தன, அவர் முகம் மட்டும் இல்லை. வீட்டில் மாலை போட்டிருப்பது ஐ.சி. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது, அதில் அவர் சிரிக்கவே இல்லை. எங்காவது ஒரு கேசட்டில், யார் பின்னாலாவது, மனுஷன் ஒரு நொடி சிரித்துக்கொண்டு போயிருக்க மாட்டாரா? அதற்காகத்தான் பூஞ்சை நாற்றத்தில் உட்கார்ந்து, கண் எரிய எரிய, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறாள். அலுத்துவிட்டது.

"அக்கா, முடிஞ்சுதா? கடையக் காலி பண்ண ஆறு மணிக்கு லோரி வந்துடும் லா. எல்லாத்தையும் ஏத்திருவானுங்க." பக்கத்து முடிவெட்டும் கடை ரவிச்சந்திரன்.

"இது ஒன்னுதான் தம்பி."

மழை வலுக்கவும், சாரல் அடிக்காமலிருக்க அவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனான்.

நின்ற இடத்திலிருந்தே ஓடவிட்டாள். கல்யாணம் இல்லை. மங்கலான அறை, அலமாரிகள், நடுவில் முதுகு காட்டி உட்கார்ந்து டிவி பார்க்கும் ஒருத்தி. நீலக் கைலி. நரைத்த கொண்டை.

திரையில் இருந்தவள் கொண்டையைத் தொட்டாள்.

அதற்குப் பிறகுதான் சந்திரிகாவின் கை கொண்டைக்குப் போனது.

படத்தில் யாரோ இருமினார்கள். தெரிந்த இருமல். அவளுக்கு அழுகை முட்டியது.

"இங்க பாரும்மா. கொஞ்சம் சிரி."

கல்யாணப் பெண்களிடம் அவர் சொல்வதுதான். ஆனால் பல்லைத் திறக்காமல் வந்தது குரல்.

கேமரா மேசையில் வைக்கப்பட்டது. ஆள் முன்னால் வந்தார். முதுகுதான் தெரிந்தது. வெள்ளை வேட்டி. தாடையைச் சுற்றி வந்த துணியின் முடிச்சு, உச்சந்தலையில். போன வருஷம் சவத்துக்கு அவள் கண்ணெதிரே கட்டியது.

நடக்கவில்லை, குதித்தார். கால் பெருவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

தொப்.

மழைச் சத்தத்தை மீறி, அவளுக்குப் பின்னாலும் கேட்டது.

தொப்.

பார்க்காதே. முகம் வேண்டாம். போதும்.

திரையில் இருந்தவள் திரும்பினாள். அவரை அண்ணாந்து பார்த்தாள். வாய் கோணியது. சிரிப்பதற்காக.

சந்திரிகாவின் கழுத்து, தானாகவே, திரும்பத் தொடங்கியது.