ஆசிரியர் உடனிருந்தார்

"சிஸ்டர், இன்னொருத்தங்க எங்க? என் முதுகைத் தடவி விட்டாங்களே, கைகூட சில்லுனு இருந்துச்சு," என்று கேட்டாள், காலையில் பிள்ளை பெற்றவள்.

முதிண்டா அறையைச் சுற்றிப் பார்த்தாள். குவெம்பே பள்ளத்தாக்கின் அந்தச் சிறு மருத்துவமனையில் இரண்டு நாளாக அவள் ஒருத்திதான் இருந்தாள். பொறுப்பு நர்ஸ் தடுப்பூசி வாங்கப் போயிருந்தார்.

மருத்துவச்சிப் படிப்பில் அவளுக்கு இது இரண்டாம் வருடம். பள்ளி கொடுத்த போனில்தான் பாடம். பார்த்த பிரசவங்களையும் அதில்தான் பதிய வேண்டும். காலைப் பிரசவத்தைப் பதியப் போனவள் பழைய பதிவுகளைத் திறந்தாள். ஒவ்வொன்றின் கீழும் யாரோ சேர்த்திருந்தார்கள்: 'ஆசிரியர் உடனிருந்தார்.'

மோன்சே நகரைவிட்டு ஒருநாளும் கிளம்பாத ஆசிரியை ஹமூங்காவை அழைத்தாள்.

"மேடம், நீங்க எப்ப இங்க வந்தீங்க?"

"ஏம்மா கத்துற? நான் கூட இருந்ததா டிக் போடலேன்னா நீ பரீட்சை எழுத முடியாது."

"போன மாசம் ஒருத்தி ரத்தம் நிக்காம என் கையிலேயே செத்தா. அப்பவும் பக்கத்துல நின்னதா போட்டிருக்கீங்க!"

"அதனாலதான் உன்னை யாரும் கேள்வி கேக்கல. போய் வேலையைப் பாரு."

முதிண்டா அழைப்பைத் துண்டித்தாள்.

மதியம் பிரசவ வலியோடு மாட்டுவண்டியில் லுயாண்டோ வந்தாள். தகரக் கூரை வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருக்க, ஏரிப் பக்கமிருந்து கருவாட்டு நாற்றம் அலையலையாக உள்ளே வர, ஜன்னலில் சாய்த்து வைத்த போன் நிதானமான குரலில் பாடம் சொல்லிக்கொண்டிருக்க, குழந்தை பிறந்து வீறிட்டது. நஞ்சுக்கொடியும் விழுந்தது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. முதிண்டா ஊசி போட்டாள். அடிவயிற்றை அழுத்திப் பிடித்தாள். கட்டிலிலிருந்து சொட்டிய ரத்தம் அவள் செருப்பை நனைத்தது.

"கருப்பையை விடாமல் அழுத்தவும்," என்றது போன்.

"அழுத்திட்டுத்தானே இருக்கேன்!" முதிண்டா கத்தினாள். "கூடவே இருந்தீங்கல்ல மேடம்? இப்ப வாங்க! வந்து நில்லுங்க!"

போன் அணைந்தது.

ஈர ரப்பர் வாசனை. பிடரியில் குளிர். முதுகுக்குப் பின்னாலிருந்து, கையுறை போட்ட இரண்டு கைகள். அவள் கைகள்மேல் படிந்தன. அழுத்தின.

ரத்தம் குறைந்தது. சொட்டானது. நின்றது.

"போதும்," என்றாள் முதிண்டா. "நின்னுடுச்சு. எடுங்க."

கைகள் விலகவில்லை. தன் விரல்களை உருவிக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினாள். கைகளுக்கு மேல் முழங்கை இருந்தது. தோள் இருந்தது. அதற்கு மேல் பார்க்கத் துணிவில்லை.

லுயாண்டோ வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

கைகள் அழுத்திக்கொண்டே இருந்தன. மணிக்கட்டு வரை வயிற்றுக்குள் புதைந்தன. அதற்கும் கீழே.