முதுகுக்குப் பின்னால் நெருப்பு

செந்நகர் மக்கள் காலையில் எழுந்ததும் முதலில் முகவண்டுக்குச் சார்ஜ் போடுவார்கள். பல் துலக்குவது அதற்குப் பிறகு.

முகவண்டு கட்டைவிரல் அளவுள்ள பறக்கும் கேமரா. உரிமையாளரின் மூக்குக்கு எதிரே ஒரு முழம் தள்ளி மிதந்து, அவரையே படமெடுத்துக்கொண்டிருக்கும். படம் அவருடைய கண்வில்லையில் உடனுக்குடன் தெரியும். முதலில் வந்த வண்டுகள் ஒருவரை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்களோ அப்படியே காட்டின. "இது என் மூஞ்சியே இல்லை" என்று பதினோராயிரம் புகார்கள் வந்தன. பிறகு கம்பெனி, கண்ணாடியில் தெரிவதுபோலப் படத்தை இடம் வலம் மாற்றிக் கொடுத்தது. புகார்கள் நின்றன.

செந்நகர் இருக்கும் செவ்வாய்க் கிரகத்தில் வண்டுக்குத் தடையில்லை. தடை தீக்குச்சிக்குத்தான். நகரை மூடிய கூரைக்கு அடியில் உள்ள பிராணவாயு எல்லோருக்கும் பொது. ஓர் அகல் ஏற்றவும் ஏழு கையெழுத்து வேண்டும். செந்நகரில் பிறந்த யாரும் நெருப்பைக் கண்டதில்லை. அதனால்தான் ஆளுநர் தன் இரண்டாம் பதவியேற்பு விழாவில் தனக்கான வாழ்த்து நெருப்பில் எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அதற்காகக் கோவில்பட்டியிலிருந்து வரவழைக்கப்பட்டவள் இசக்கியம்மாள். தீப்படம் கட்டுபவள். கம்பிச் சட்டத்தில் எழுத்தை வரைந்து, கோடு நெடுகச் சுண்டுவிரல் நீளக் காகிதக் குழல்களைக் குத்தி, எல்லாவற்றையும் ஒரே திரியால் இணைப்பாள். பற்றவைத்தால் எழுத்து ஒரு நிமிடம் எரியும். குழலில் உள்ள மருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் கூரைக்கு வெளியிலும் எரியும். அழுத்தம் குறைவாதலால் கொஞ்சம் சோம்பலாக எரியும், அவ்வளவுதான். கலவையை மாற்றி அந்தச் சோம்பலையும் அவள் போக்கியிருந்தாள்.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருடம் சட்டத்தின்மேல் மண்டியிட்டு வேலை செய்ததில், பூமியில் இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. படியேறக் கம்பு வேண்டும். செவ்வாயில் எடை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். வந்திறங்கிய அன்று கம்பை கப்பல்துறைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். மறுநாள் யாரும் பார்க்காத நேரத்தில் குதித்துப் பார்த்தாள். விழா சரியாக நடந்தால் நிரந்தரக் குடியுரிமை. பிசகினால் பூமிக்கு அடுத்த கப்பல்.

விழா நாளன்று மாலை, ஆளுநரின் செயலர் தனசிங் வியர்த்துக்கொண்டு ஓடி வந்தார். அவருடைய முகவண்டும் மூச்சிரைப்பதுபோல ஆடி ஆடி வந்தது.

"இசக்கியம்மா, ஒரு சின்ன மாத்தம். ஐயா முன்கூடத்துல உக்காரலை. பின்கூடத்துக்கு மாத்தியாச்சு. மொத்தக் கூட்டமும் அங்கதான்."

இரண்டு கூடங்களுக்கும் நடுவே இருந்த வெளிமுற்றத்தில் சட்டம் நின்றது. முன்கூடத்தைப் பார்த்தபடி நின்றது. இசக்கியம்மாள் தனசிங்கையே பார்த்தாள்.

"பின்னால இருந்து பாத்தா எழுத்து இடம் வலம் மாறில்லா தெரியும்? ஏன் மாத்துனீங்க?"

"வாஸ்து. ஐயா கிழக்கு பாத்து உக்காரணுமாம். ஆலோசகர் திசைகாட்டி வச்சுப் பாத்துட்டார்."

"செவ்வாயில ஏதுய்யா திசைகாட்டி? இங்க காந்தமே கிடையாதே!"

"அதான் முள்ளு சுத்திச் சுத்தி, கடைசில ஒரு இடத்துல நின்னுச்சு. அதான் கிழக்குன்னுட்டார்."

"ஐயாகிட்ட எடுத்துச் சொல்லுங்க."

"நானா? எனக்குப் பிள்ளைங்க இருக்கு." தனசிங் வண்டைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். "சட்டத்தைத் திருப்பிருங்க. தப்பாத் தெரிஞ்சா உங்களுக்கும் கப்பல், எனக்கும் கப்பல்."

அவர் போனதும் இசக்கியம்மாள் தன் உதவி இயந்திரத்தைக் கூப்பிட்டாள். குழல் ஒட்டியே பழகியதால் அதற்குக் கோந்து என்று பெயர் வைத்திருந்தாள்.

"ஏல கோந்து, சட்டத்தைத் திருப்ப எவ்வளவு நேரமாகும்?"

"பாறையில் பிசின் ஊற்றி நட்டிருக்கிறோம் அக்கா. உடைத்து மறுபடி நட்டால் இறுக இரண்டு நாள்."

"குழலைப் பூராவும் பிடுங்கி மாத்திக் குத்துனா?"

"மூவாயிரத்து இருநூறு குழல். விழாவுக்கு மூன்று மணி நேரம். என்னைப் போல எட்டுப் பேர் வேண்டும்."

"உன்னைப் போல ஒண்ணு இருக்கதே பெரும்பாடு."

"கப்பலில் சாளரத்தோரம் இடம் கேட்டுப் பதிவு செய்யட்டுமா?"

"வாயை மூடு. போய்த் திரியைப் பாரு."

விழா தொடங்கியது. பின்கூடத்தில் நாலாயிரம் பேர். இசக்கியம்மாள் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, இரண்டு முழங்கால்களையும் ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கோந்து திரியைப் பற்றவைத்தது.

'மாண்புமிகு ஆளுநர் அவர்கள் நீடூழி வாழ்க.'

ஒவ்வோர் எழுத்தும் வெள்ளைத் தீயாய்ப் பூத்தது. அவள் வாழ்நாளில் கட்டியதிலேயே அழகான வரி. ஆனால் வலமிருந்து இடமாக, சுழிகளெல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பி எரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கைதட்டல் கேட்டது.

திறந்து பார்த்தாள். நாலாயிரம் பேரும் நெருப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவர் மூக்குக்கு எதிரேயும் ஒரு வண்டு. தலையைச் சற்றே சாய்த்து, தோளுக்குமேல் நெருப்பு விழும்படி நகர்ந்து, பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுநரும் திரும்பி நின்றார். ஆகாது என்று தானே சொன்ன திசையைப் பார்த்து ஆலோசகரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லோருடைய வில்லையிலும் எழுத்து நேராக இருந்தது.

"ஏய், எழுத்து மாறி எரியுது!" என்று ஒரு குரல் கத்தியது. காற்றுவடிகட்டி மெக்கானிக் மாசிலாமணி. அன்று காலை ஏதோ ஞாபகத்தில் முதலில் பல் துலக்கிவிட்டார். வண்டு பாதியில் உயிரைவிட்டது. வேறு வழியில்லாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனசிங் நாலாயிரம் வண்டுகளின் பதிவுகளையும் அங்கேயே சரிபார்த்தார். ஒன்றில்கூடத் தவறில்லை. இரண்டு காவலர்கள் மாசிலாமணியைத் தோளோடு அணைத்துக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள்.

"நான் சரியாத்தான்யா பாத்தேன்! அந்தம்மாகிட்ட கேளுங்க!"

இசக்கியம்மாள் வாயைத் திறந்தாள். முழங்கால் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள்.

மறுவாரம் குடியுரிமை வந்தது. கூடவே ஒரு பதவியும். படத்தில் எழுத்து இவ்வளவு தெளிவாக விழுந்ததில் மகிழ்ந்த ஆளுநர், இனி நகரின் எல்லாப் பலகைகளையும் அந்த அம்மாள் எழுதிய முறையிலேயே எழுத வேண்டும் என்று உத்தரவிட்டார். பலகைப் பிரிவுக்கு அவளே தலைவி. மூன்றே மாதத்தில் பள்ளி, கழிப்பறை, மருந்துக்கடை, எல்லாப் பலகையிலும் எழுத்து இடம் வலம் மாறியது.

ஆண்டுதோறும் நடக்கும் தீ ஒத்திகை வந்தது. சங்கு ஊதியது. கூடத்திலிருந்த எல்லோரும் 'அவசர வழி' என்ற பலகைகளுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். தலையைச் சாய்த்தார்கள். சிரித்தார்கள். படித்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகுதான் ஓடினார்கள்.

இசக்கியம்மாள் எல்லோருக்கும் முன்னால் வாசலை அடைந்திருந்தாள். அவள் முழங்கால்கள் அவ்வளவு நன்றாக இருந்தன. அவளுக்குப் பின்னாலேயே மாசிலாமணி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மருத்துவமனையில் மாட்டிவிட்ட புது வில்லையில் கண் இன்னும் கூசிக்கொண்டிருந்தது.

"இப்ப எழுத்து நேராத் தெரியுதா அண்ணாச்சி?" என்றாள், அவர் முகத்தைப் பாராமல்.

"தெரியுது தாயி," என்றார் மாசிலாமணி. "ஆனா இந்த வாசல்தான் எப்பவும் முதுகுக்குப் பின்னால இருக்கு."