மடித்து வைத்த விரிப்பு

படுக்கைவிரிப்பு உருவப்பட்டு, நாலாக மடிக்கப்பட்டு, கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. காபியோடு வந்தவள் அதைப் பார்த்ததும் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கணவர் இன்றைக்குக் கிளம்புகிறார். வாயைத் திறந்து சொல்லும் வழக்கம்தான் அவருக்கு என்றைக்கும் கிடையாதே.

கிளப் விடுதியைக் காலி செய்கிற காலையில் விரிப்பை இப்படி மடித்து வைக்க வேண்டும். மீசை முளைத்த வயதில் தொற்றிய பழக்கம். கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரராக ஊர் ஊராகப் பந்து தட்டினார். முட்டி போன பிறகு பயிற்சியாளராக மறுபடியும் ஊர் ஊராகச் சுற்றினார். சொந்த வீட்டையும் விடுதி மாதிரியே காலி செய்துகொண்டு போனார். அவள் மட்டும் அந்த இரட்டைக் கட்டிலில் இந்தப் பக்கம் விரிப்பைச் செருகி, சுற்றிப் போய் அந்தப் பக்கம் செருகியே நரைத்துப்போனாள். தனிமை என்றால் அவளுக்கு அந்தச் சுற்றுதான்.

பரண்மேல் இருந்து பையை இறக்கினாள். காலுறைகள், முட்டிப் பட்டை, விசில்.

"புருஷனை நாலு நாள் வீட்டுல நிறுத்தி வைக்கத் துப்பில்ல. பையை வேற கட்டிக் குடுக்குறா," என்றாள் கூடத்திலிருந்து மாமியார்.

"போறவரை என்ன பண்ணச் சொல்றீங்க அத்தை..."

முகம் துடைத்துக்கொண்டே வந்தவர் பையைப் பார்த்தார்.

"அதுக்குள்ள கட்டியாச்சா... என்னைக் கூப்பிட்ட அந்த வெளியூர் கிளப்புக்கு நான் இன்னும் பதிலே சொல்லலியே."

"விரிப்பை மடிச்சு வச்சிருக்கீங்களே."

"நீ போகச் சொல்றதுக்குள்ள நானே கிளம்பிடலாம்னு பார்த்தேன். அப்போ முட்டி உடைஞ்சு வீட்டுல கிடந்தப்ப சொன்னியே... 'இங்க இருக்காதீங்க, போயிடுங்க'ன்னு. அதுக்கப்புறம் எந்த ஊர்ல இருந்தும் வீட்டுக்கே வந்துடுறேன்னு சொல்லத் தைரியமே வரல."

அவள் சொன்னாள்தான். சாப்பாடு தூக்கம் இல்லாமல், தெருவில் உருளும் பந்தையே பார்த்தபடி அவர் ஜன்னலோரம் கருகிக்கொண்டிருந்தார். அதைக் காணப் பொறுக்காமல் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொன்ன வார்த்தை. அதையா இத்தனை வருடம் சுமந்தார்? விளக்கம் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் மாமியார் கூடத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"போகச் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சுடா. நீ தெருமுனை திரும்பினதும் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதாளே, அதுவும் விழுந்துச்சு. தண்ணி கூடம் வரைக்கும் வந்துச்சு, துடைச்சதே நான்தான். உன்கிட்ட மட்டும் சொல்லல. பிள்ளை வீட்டுல தங்காததுக்கு யாரையாவது திட்டணும்போல இருந்துச்சு... இவதான் கைக்கெட்டின தூரத்துல இருந்தா."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பந்து வர்றதுக்கு முன்னாடியே சுத்திப் பாருங்கடான்னு பசங்ககிட்டத் தொண்டை கிழியக் கத்துறேன். நான் இங்க ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்."

"இங்க இருந்தா மறுபடியும் வாடிப் போவீங்க," என்றாள் அவள், முந்தானையால் கண்ணை ஒற்றியபடி.

"இங்கயும் பந்து உருண்டைதான். நம்ம ஊர்த் தொழிற்சாலை டீமுக்குப் பயிற்சி குடுக்க ஆள் வேணும்னு போன மாசமே கூப்பிட்டாங்க. நீ என்ன நினைப்பியோன்னு சொல்லல."

பையிலிருந்து விசிலை எடுத்துக் கதவு ஆணியில் மாட்டினார். பிறகு, விருந்தாளி மாதிரி தயங்கிக் கேட்டார்.

"துவைச்ச விரிப்பு எங்க இருக்கும்?"

அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினாள். எடுத்து உதறி, தன் பக்கத்து முனைகளைப் பிடித்து இழுத்தார்.

"இவ்வளவு இழுக்காதீங்க... என் பக்கம் பத்தல."

தளர்த்தினார். அவள் தன் பக்கத்தைச் செருகிவிட்டு, பழக்கத்தில் அந்தப் பக்கம் செருகுவதற்காகச் சுற்றிப் போனாள். அங்கே அவர் நின்றுகொண்டிருந்தார்.