நோவேந்தி

காலை ஏழரை மணிக்குச் செண்பகவல்லி தன் இடது காலைக் கட்டில் சட்டத்தில் ஓங்கி இடித்தாள். அவளுக்கு வலி ஒன்றும் தெரியவில்லை. தூத்துக்குடியில் அமலன் அலறியிருப்பான். அந்த நினைப்பில்தான் அவளுக்குக் காப்பி ருசித்தது.

"ஏன் இப்பிடிப் பண்ணுத? கால அலட்டாதன்னுதான டாக்டர் சொன்னாரு?" என்றான் கணவன் சுடலைமுத்து.

"எனக்கு வலிக்கலயே. வலிக்கிறவன் கவலப்படட்டும்."

எட்டு மாதத்துக்கு முன், எட்டயபுரம் சாலையில், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே காரோட்டி வந்த அமலன் அவளுடைய ஸ்கூட்டரில் மோதினான். இடது கால் மூன்று இடத்தில் முறிந்தது. செண்பகவல்லி கோவில்பட்டிப் பள்ளி ஒன்றில் கபடி சொல்லித் தருபவள். கால்தான் அவளுக்குச் சோறு, கர்வம், எல்லாம்.

நோவுமாற்றுச் சட்டம் வந்த பிறகு இதற்கெல்லாம் சிறை கிடையாது. அடிபட்டவரின் முதுகுத்தண்டில் வலியை அனுப்பும் நோவனுப்பி, தவறு செய்தவரின் கழுத்தில் அதை வாங்கும் நோவேந்தி. யார் தவறால் வலியோ, அவரே அதைச் சுமக்க வேண்டும். இதைவிட நியாயம் உண்டா என்று நாடே கைதட்டியது. அடிபட்டவர்கள் என்ன செய்வார்கள் என்று கைதட்டும்போது யாரும் யோசிக்கவில்லை.

ஒன்பதாம் மாதம் அமலனே கூப்பிட்டான்.

"டீச்சர், கோவப்படாம கேளுங்க. செவ்வாக்கிழமைலருந்து வலி வேற மாதிரி இருக்கு. இடிச்ச வலி இல்ல. எலும்புக்குள்ள தீ வச்ச மாதிரி. ஒருக்கா ஆஸ்பத்திரில காட்டிருங்க."

"எட்டு மாசம் தாங்குன, இப்ப பொறுக்கலயோ?"

"எனக்காகச் சொல்லல டீச்சர். உங்க காலுக்காகத்தான்."

இதை நம்ப அவள் என்ன பைத்தியமா? இணைப்பைத் துண்டித்தாள். அன்று மாலை வேண்டுமென்றே மைதானத்தில் இரண்டு மணி நேரம் நின்று விசிலடித்தாள். அவன் பத்து முறை மறுபடி கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. லேசாகக் காய்ச்சலடித்தது. மாத்திரை போட்டுக்கொண்டாள். கால் கட்டுக்குள் இருந்ததால் வீக்கம் தெரியவில்லை. வலி இருந்தால் தெரிந்திருக்கும். ஆறாம் நாள் கபடிக் கோட்டருகிலேயே மயங்கி விழுந்தாள்.

எலும்பில் சீழ் பிடித்து விஷம் மேலே ஏறியிருந்தது. உயிரைக் காப்பாற்ற, முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள்.

கண் விழித்ததும் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்து அழுதாள். அழுகைக்கு நடுவிலும், இதை அவன் அனுபவிக்கட்டும் என்று ஒரு மூலையில் தோன்றத்தான் செய்தது.

மூன்றாம் நாள் நோவு ஆணையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தாள். மரியாதையான பெண்.

"அமலனோட நோவேந்திய நேத்தே கழட்டியாச்சும்மா. உங்க நோவனுப்பிய அணைக்கத்தான் வந்திருக்கேன்."

"என் கால் போச்சு. அவன விட்டுட்டீங்களா?"

"கால் முறிஞ்சதுக்கு அவரு காரணம். அது ஆறிட்டுத்தான் இருந்துச்சு. போனதுக்கு நீங்க காரணம். அவரு பதினோரு தடவ கூப்பிட்டது பதிவாயிருக்கு. நீங்க தெனமும் ஏழரைக்கு இடிச்சதும் பதிவாயிருக்கு."

செண்பகவல்லி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சரி, அணைச்சிக்கோங்க. இல்லாத கால் என்ன வலிச்சிரப் போகுது?"

அதிகாரி கட்டிலருகே நின்ற நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெட்டுன காலும் வலிக்கும்மா. சில பேருக்குக் கடைசி வரைக்கும்."

சொல்லிவிட்டு அதிகாரி தன் கையிலிருந்த கருவியின் பொத்தானை அழுத்தினாள்.

ஒன்பது மாதத்தில் முதன்முறையாகச் செண்பகவல்லிக்கு வலித்தது. இல்லாத குதிகாலில் யாரோ கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள். இல்லாத விரல்கள் ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டன. பிடித்துவிடலாம் என்று கையை நீட்டினாள். படுக்கை விரிப்புதான் அகப்பட்டது.

"எங்க வலிக்கி? எங்கன்னு சொல்லு" என்று சுடலைமுத்து பதறினான்.

அவளால் காட்ட முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, அமலனுக்குப் போன் போடுங்க. இத எப்பிடித் தாங்குனான்னு கேளுங்க."