ஈசலுக்கு மேல் ஒரு கடிதம்

காலை 7.20. வெளியூரிலிருந்து வந்த மகள், வீட்டில் அப்பாவைக் காணாமல், உதவியாசிரியரைக் கூட்டிவந்து அகராதி அலுவலகத்தைத் திறக்கவைத்தாள். தொகுப்பாசிரியர் மேசையில் தலை சாய்ந்து இறந்து கிடந்தார். தேநீரில் விஷம். எதிரே தட்டச்சு செய்த கடிதம்: ‘என் சாவுக்கு யாரும் காரணமில்லை.’

8.05. பெண் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று பார்த்துவிட்டு மேசையருகே வந்தார். கம்பி போட்ட ஜன்னல் திறந்திருந்தது. மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இறந்தவரின் நரைமுடியில்கூட உதிர்ந்த ஈசல் இறகுகள். விரல்கள் பேனாவை விடவில்லை. பாதி எழுதிய அட்டையில் ஓர் ஆங்கிலச் சொல்: ‘அலேட்’.

சாகப்போகிறவர் இத்தனை அக்கறையாகச் சொல்லுக்குப் பொருள் எழுதுவாரா? உடலைப் பரிசோதித்து முடித்த டாக்டரிடம் திரும்பினார் இன்ஸ்பெக்டர்.

“உயிர் எப்போ போச்சு, டாக்டர்?”

“நேத்து சாயங்காலம் நாலுக்குள்ள.”

உதவியாசிரியரிடம் திரும்பினார். “நீங்க?”

“ரெண்டே முக்காலுக்குக் கிளம்பிட்டேன் மேடம். மேகமூட்டம்னு விளக்கைப் போட்டுக்கிட்டு எழுதிட்டிருந்தார்.”

“திரும்பி வரலையா?”

“இல்லை. ஆறு மணிக்கு மழை பிடிச்சுக்கிச்சு. ஏழுக்குத்தான் விட்டது.”

“சாவி?”

“ரெண்டு. ஒண்ணு அவர் பையில, இன்னொண்ணு என்கிட்ட.”

“அலேட்னா என்ன?”

வாடிய முகம் ஒரு கணம் மலர்ந்தது. “அந்தச் சொல்லுக்கு ரெண்டு பிறப்பு. ‘லேட்’ங்கறதுல இருந்து வந்தது ஒண்ணு, ‘அண்மையில்’னு அர்த்தம். அது வழக்கொழிஞ்சு போச்சு. மத்தது லத்தீன்ல இறக்கையைக் குறிக்கிற ‘ஆலா’வுல இருந்து வந்தது. இறக்கை உள்ளதுன்னு அர்த்தம். இறக்கை மாதிரி விளிம்புள்ள விதையையும் சொல்வாங்க, ஈசலையும் சொல்வாங்க. மழை விட்டதும் விளக்கைத் தேடி வந்து இறக்கையை உதிர்க்குமே...”

பேச்சு பாதியில் நின்றது.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். அட்டையின்மேல் இறகுகள். கோப்பை விளிம்பில் இறகுகள். கடிதத்தின்மேல் மட்டும் ஒன்றுகூட இல்லை. மெல்லத் தூக்கினார். அடியில் ஐந்தாறு இறகுகள் நசுங்கிக் கிடந்தன.

“ஈசல் வந்தது ஏழு மணிக்கு மேல. கடிதம் அதுக்கும் அப்புறம் வந்திருக்கு. நாலு மணிக்கே செத்தவர் எழுந்திரிச்சா வெச்சார்? பூட்டைத் திறக்கிற இன்னொரு சாவி உங்ககிட்டதானே இருக்கு?”

உதவியாசிரியர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“பதினாலு வருஷம் மேடம். அந்த ரெண்டு பிறப்பையும் தேடிப் பிடிச்சது நான். அகராதியில எங்கேயும் என் பேர் இல்லை. கேட்டா, ‘பொறு’ம்பார். நேத்து டீயில கலந்துட்டேன். அப்புறம் பயம் வந்து, ராத்திரி கடிதம் அடிச்சுக் கொண்டுவந்து வெச்சேன்...”

மகள் அழவில்லை. அவரையே பார்த்துச் சொன்னாள்.

“முன்னுரையைப் போன வாரமே எழுதி முடிச்சாச்சு, அண்ணா. அப்பா எனக்கு போன்ல படிச்சுக் காட்டினார். முதல் பேரே உங்க பேருதான். புத்தகம் கைக்கு வர்றப்போ நீங்களே பார்க்கணும்னு என்னைச் சொல்லவிடல.”

உதவியாசிரியர் பாதி எழுதிய அட்டையையே பார்த்தார். காவலர் தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தார்.