பரசுராமன் குரல் உள்ள புடவைப் படம்

காலையில் இளைக்க வைத்த கோப்பு மத்தியானத்துக்குள் பெருத்திருந்தது.

ஜீவந்தரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். சின்ன காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையின் மாடியில், புதுப்பட்டு வாசனையும் கீழே நடக்கும் பேரச் சத்தமும் படியேறி வரும் அந்தப் புழுக்க அறையில், கடையின் வெப்சைட்டை வேகமாக்குவதுதான் அவன் வேலை. வாடிக்கைக்காரர்கள் புடவைக்குக் குறைத்துக் கேட்பதுபோல அவன் ஒவ்வொரு பைட்டுக்கும் குறைத்துக் கேட்பான். அதிலும் இந்தக் கோப்புதான் அவன் பெருமை. படமாகத் திறந்தால் அரக்குப் புடவை. அதையே ஆடியோவாக ஓட்டினால், அதை நெய்த நெசவாளி பரசுராமனின் குரல்.

"ஒரு விலைக்கு ரெண்டு சரக்கா!" என்று முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

அந்தக் குரலை ஜீவந்தரன் பதிவு செய்த அன்று, தறிக்குழிக்குள் கால் விட்டு மிதித்துக்கொண்டே பேசிய பரசுராமன் நடுவில் நிறுத்தினார். "நெஞ்ச அடைக்குது தம்பி. போதும்பா."

"இன்னும் ஒரே ஒரு தபாண்ணா."

அன்று சாயங்காலமே அவர் செத்துப்போனார். நெஞ்சடைக்கிறது என்ற அந்தப் பேச்சை மட்டும் ஜீவந்தரன் வெட்டி எறிந்தான். எடையைக் குறைக்கத்தான், வேறெதற்கு?

இப்போது அவர் மனைவி தேவகி கீழே காத்திருக்கிறாள், கடைசியாகப் பேசியதை முழுசாக போனில் ஏற்றிக்கொண்டு போக. முழுசாக.

ஓட்டிப் பார்த்தான். "நெஞ்ச அடைக்குது தம்பி..."

பட்டென்று நிறுத்தினான். படமாகத் திறந்தான். புடவையின் கீழோரத்தில் இரண்டு பாதங்கள். அவன் எடுத்த படத்தில் பாதமே கிடையாது.

வெட்டினான். அந்தப் பேச்சு போனதும் கோப்பு இளைத்தது. திறந்தான். முழங்கால் வரை கால்கள்.

மறுபடி வெட்டினான். இடுப்பு வரை.

மறுபடி. மார்பு. அதை அழுத்திப் பிடித்த ஒரு கை.

அழித்தே விட்டான். திரை வெறிச்சென்றது.

டக்... டக்...

"ஏம்பா," கீழேயிருந்து தேவகி. "மேல தறி கீறி போட்டுக்கினு இருக்கீங்களா?"

"இல்ல அண்ணி!"

"அவரு மிதி மாதிரியே இருக்குதேப்பா."

எழுந்து ஓடக் காலை ஊன்றினான். தரை இல்லை. மேசைக்கடியில் குழி. இருட்டு. உள்ளங்காலில் சில்லென்று மிதிகட்டை. மூச்சு ஏறவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"போதும்... போதும்ணா..."

குழிக்குள்ளிருந்து ஒரு கை அவன் கணுக்காலைப் பதமாகப் பிடித்து, மிதிகட்டைமேல் அழுத்தியது.

"இன்னும் ஒரே ஒரு தபா, தம்பி."

படியில் தேவகியின் காலடி. அறைக்குள் டக்... டக்...